ரஜத கமலமும் நீதிமன்றப் படிக்கட்டும்

ஓர் அரசாங்கம் தன் கையாலேயே ஒரு கலைஞனுக்கு வெள்ளித் தாமரையைப் பரிசாக வழங்கிவிட்டு, அதே படைப்பைப் பொது ஜனங்கள் பார்ப்பது உசிதமன்று என்று வக்கீல் வைத்து வருஷக் கணக்கில் வாதாடும் என்றால், கேட்பவர்கள் அதை நாடகக் கொட்டகை விகடம் என்றே எண்ணுவார்கள். ஆயினும் நம் நாட்டு ஆவணப் படத்தின் சரித்திரத்தில் இது ஒரு முறையல்ல, பல முறை, தேதியோடும் தீர்ப்போடும் நடந்தேறிய சங்கதி. தேசியத் திரைப்பட விருதுகளை நெடுங்காலம் நிர்வகித்துவந்த திரைப்பட விழா இயக்ககம், படத்துக்குச் சான்றிதழ் தரும் தணிக்கை வாரியம், வீட்டுக்கு வீடு படத்தைக் கொண்டுசேர்க்கும் தூர்தர்ஷன் ஆகிய மூன்றும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் என்னும் ஒரே இலாகாவின் நிழலில் இயங்கியவை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விகடத்தின் சுவை இன்னும் கூடும். இந்த முரண்பாட்டின் முழுப் பரிமாணத்தையும் ஒரே மனிதரின் வாழ்க்கைப் பணியில் காண விரும்புகிறவர்கள், பம்பாயைச் சேர்ந்த ஆனந்த் பட்வர்த்தன் 1974 முதல் இன்றுவரை எடுத்துவரும் படங்களையும், அப்படங்கள் ஏறி இறங்கிய நீதிமன்றங்களையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

அவருக்கு முன் இருந்த நிலையைச் சிறிது சொல்லாமல் அவர் செய்ததன் புதுமை விளங்காது. 1948இல் மத்திய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷனை ஸ்தாபித்த பிறகு, நாட்டிலுள்ள சினிமாக் கொட்டகைகள் யாவும் மூலப் படத்துக்கு முன் அரசாங்கம் அங்கீகரித்த செய்திப் படத்தையோ விவரணப் படத்தையோ காட்டியே தீர வேண்டும் என்பது லைசென்ஸின் நிபந்தனையாயிற்று. அணைக்கட்டுத் திறப்பு விழாவும், வெள்ள நிவாரணமும், வெளிநாட்டுத் தலைவரின் வருகையும், ஒரே மாதிரியான கம்பீரக் குரலில் வர்ணிக்கப்படுகையில், ரசிகர்கள் பீடியும் கடலை மிட்டாயும் வாங்கி முடித்து நிதானமாக உள்ளே வருவதற்கு அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஸ்தாபனத்திலும் சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி போன்ற அசாத்தியத் திறமைசாலிகள் இருந்தார்கள். அவர்கள் கெட்டிக்காரத்தனமாக விதிகளுக்குள் நின்றே விதிகளைக் கிண்டல் செய்தார்கள். எனினும், அரசாங்கப் பணம் இல்லாமல், அரசாங்கம் கேட்காமல், ஒரு தனி மனிதன் ஆவணப் படம் எடுப்பது என்பது நம் ஏ.கே. செட்டியார் உலகமெல்லாம் சுற்றித் துண்டுப் படங்களைச் சேகரித்து 1940இல் வெளியிட்ட காந்திப் படத்தைப் போன்ற சில அபூர்வ முயற்சிகளோடு நின்றுவிட்டிருந்தது. மேலும் கொட்டகைகளுக்குள் நுழையும் வழி ஃபிலிம்ஸ் டிவிஷனுடையது. அரசாங்கத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட ஆவணப் படம் போய் நிற்பதற்கு ஒரு வாசற்படி கூட இல்லை.

இத்தகைய சூழ்நிலையில் 1950இல் பம்பாயில் பிறந்த ஆனந்த், சுதந்திரப் போராட்டத்தோடு ரத்த சம்பந்தமுள்ள குடும்பத்தின் பிள்ளை. 1942இன் தலைமறைவு இயக்கத்தில் புகழ் பெற்ற அச்சுத பட்வர்த்தனும், அவருடைய தமையனார் ராவ்சாகேப் பட்வர்த்தனும் இவருக்குப் பெரியப்பாமார். தாயார் நிர்மலா சாந்திநிகேதனில் பயின்று, மட்பாண்டக் கலையில் பெயர் பெற்றவர். பம்பாயில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1972இல் சமூகவியலில் தேறிய அந்த இளைஞர், அங்கே வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த கிளர்ச்சியில் கலந்து சிறைக்கும் போனார்; கலிபோர்னியாவில் சீசர் சாவேஸ் நடத்திய விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் தொண்டு செய்தார். நாடு திரும்பி, மத்தியப் பிரதேசத்தில் கிஷோர் பாரதி என்ற கிராமக் கல்வி முயற்சியில் இரண்டாண்டு உழைத்தார். படமெடுப்பது அவருடைய லட்சியமாக இருந்ததென்று இந்த வரலாற்றில் எங்கும் தோன்றவில்லை. அரசியல் ஈடுபாட்டின் ஒரு கருவியாகவே காமிரா அவர் கைக்கு வந்தது; அதன் நன்மையும் தீமையும் அவருடைய படங்கள் எல்லாவற்றிலும் தெரிகின்றன.

1974இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் இயக்கம் மூண்டபோது, பாட்னா ஊர்வலத்தைப் படம் பிடித்து வைக்க வேண்டியது அவசியம் என்று கருதி, இரவல் காமிராக்களோடும் கெடு தாண்டிய கச்சாப் பிலிமோடும் அவர் தொடங்கிய காரியம், ‘கிராந்தி கி தரங்கேன்’ என்ற அவருடைய முதற் படமாயிற்று. ஸ்டூடியோவும் செலவுக்குப் பணமும் இல்லாமையால், சூப்பர்-8 என்ற சிறு காமிராவில் எடுத்த காட்சிகளை வெள்ளைத் திரையில் ஓட்டி, அதை மறுபடியும் 16 மி.மீ. காமிராவால் எடுத்துப் பெரிதாக்கினார்கள். ஆகையால் படம் புள்ளி புள்ளியாக, மங்கலாக, நடுங்கிக்கொண்டே ஓடுகிறது. அது முடிந்த சுருக்கில் 1975 ஜூனில் அவசர நிலை பிரகடனமாகவே, படம் தலைமறைவாயிற்று. பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, நண்பர்கள் மூலம் வெளிநாட்டுக்குக் கடத்தி, அங்கே ஒட்டிச் சேர்த்து, இந்திய ஜனநாயகத்தின் கதி என்ன என்று கேட்டவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார். கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயமும், தலைமறைவாகவும் நாடு கடந்தும் வாழ நேர்ந்த இந்தத் திரைப்படமே. வசதியின்மையை ஒரு குறையாகக் கருதி வெட்கப்படாமல் அதையே படத்தின் பாஷையாகக் கொள்ளலாம் என்று அக்காலத்தில் லத்தீன் அமெரிக்கச் சினிமாக்காரர்கள் கூறிவந்த சித்தாந்தம், அவருக்குப் புத்தகத்திலிருந்து வராமல் கைப் பழக்கத்திலிருந்தே வந்திருந்தது.

அவசர நிலை நீங்கித் தாயகம் திரும்பியதும் அரசியல் கைதிகளைப் பற்றி ‘ஜமீர் கே பந்தி’ என்ற படத்தை 1978இல் முடித்தார். இந்திராவின் ஆட்சியைச் சாடுவதோடு நின்றிருந்தால், புதிதாக வந்த ஜனதா ஆட்சி அதை உச்சிமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும். அவரோ அவசர நிலைக்கு முன்பும், அது போன பின்பும் விசாரணையின்றிச் சிறையில் வாடியவர்களையும் சேர்த்துக் காட்டியதனால், அந்தச் சௌகரியமான புகழை இழந்தார். பிறகு கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பண்ணைகளில் பழம் பறித்து வாழ்ந்த பஞ்சாபித் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்த கதையை ஜிம் மன்ரோவுடன் சேர்ந்து எடுத்தார். 1981இல் வந்த அந்தப் படம் லைப்சிக் விழாவில் வெள்ளிப் புறா விருதைப் பெற்றது.

பட்வர்த்தனின் உண்மையான ஆரம்பம் என்று நான் கருதுவது 1985இல் வெளிவந்த ‘ஹமாரா ஷஹர்’. பம்பாயின் நடைபாதைவாசிகளையும் குடிசைவாசிகளையும் மழைக் காலத்திலேயே அப்புறப்படுத்துவதென்று 1981இல் மகாராஷ்டிர அரசு முடிவு செய்ததும், அதை எதிர்த்து உச்சநீதிமன்றம்வரை சென்ற வழக்கு, பிழைப்புரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985இல் தீர்ப்பாகி, ஆனாலும் குடிசைகள் இடிபடுவதை நிறுத்தாமலே போனதும் அனைவரும் அறிந்ததே. படத்தில், நகரைச் சுத்தம் செய்ய வேண்டிய அவசியத்தைப் பற்றி மாநகராட்சி அதிகாரியும் போலீஸ் கமிஷனரும் கண்ணியமான ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அந்த நகரின் கட்டடங்களைக் கட்டிய கைகளுக்கு உரியவர்கள், தங்கள் தகரமும் தார்ப்பாயும் நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த எதிர்நிலையை வைத்துப் படமெடுக்க எவராலும் முடியும். ஆனால், வீடிழந்த ஒரு பெண் காமிராவையே நோக்கித் திரும்பி, எங்களைப் படம் பிடித்து நீ பெயர் வாங்கிக்கொள்வாய், எங்களுக்கு என்ன செய்வாய் என்று சீறும் காட்சியைத் தம் படத்திலேயே, தமக்கு எதிரான சாட்சியமாக, வெட்டாமல் வைத்த காரியம் எல்லோருக்கும் கூடி வருவதில்லை. அவள் சொன்னதே நடந்தது. அந்தப் படத்துக்குச் சிறந்த ஆவணப் படம் என்ற தேசிய விருதும் ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தன. அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவர் தட்டிக் கழிக்கவில்லை என்பதற்கு, 1986இல் நரிமன் முனை அருகே சஞ்சய் காந்தி நகர் குடிசைகள் இடிக்கப்பட்டபோது, நடிகை ஷபானா ஆஸ்மியோடும் குடிசைவாசிகளோடும் உட்கார்ந்து அவரும் உண்ணாவிரதம் இருந்து, மாற்று இடம் கிடைக்கும்வரை போராடியதே அத்தாட்சி. அந்தப் படம் தூர்தர்ஷனில் வருவதற்கு மட்டும் நான்கு வருஷம் வழக்காட வேண்டியிருந்தது.

இங்கேதான் நம் விசாரணையின் மையப் பொருள் உருவெடுக்கிறது. தேசிய விருது பெற்ற ஆவணப் படங்களை ஒளிபரப்புவது தன் கொள்கை என்று தூர்தர்ஷனே அறிவித்திருந்தது. ஆகவே, பட்வர்த்தனுக்கு விருது என்பது அலமாரியில் வைக்கும் அலங்காரப் பொருளாக இல்லாமல், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் தஸ்தாவேஜாயிற்று. அரசாங்கமே நியமித்த நடுவர் குழு சிறந்தது என்று தேர்ந்தெடுத்ததையும், அரசாங்கமே நியமித்த தணிக்கைக் குழு பார்க்கத் தக்கது என்று சான்றிதழ் தந்ததையும், அரசாங்கத் தொலைக்காட்சி எந்த நியாயத்தின் பேரில் மறுக்கிறது என்ற எளிய கேள்வியை, ஒவ்வொரு படத்துக்கும் அவர் புதிதாகக் கேட்டார். பஞ்சாபில் பயங்கரவாதம் உச்சத்தில் இருந்த காலத்தில், பகத்சிங்கின் நினைவை வைத்து மத ஒற்றுமை பேசியவர்களோடு ஊர் ஊராகப் போய் அவர் எடுத்த 1990ஆம் ஆண்டுப் படமும் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் உத்தரவு பெற்றே ஒளிபரப்பாயிற்று.

‘ராம் கே நாம்’ படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 1990 செப்டம்பரில் சோமநாதபுரத்திலிருந்து புறப்பட்ட ரத யாத்திரையைப் பின்தொடர்ந்து, அக்டோபர் 30 அன்று அயோத்தியில் நடந்த கரசேவைவரை சென்று, 1992இல், மசூதி இடிபடுவதற்கு முன்பே முடிவுபெற்ற படம் அது. அதில் பிரமாதமான விவாதமோ புள்ளிவிவரமோ இல்லை. யாத்திரையில் உற்சாகமாகக் கூவி வரும் இளைஞர்களிடம், ராமபிரான் எந்தக் காலத்தில் பிறந்தார் என்று அலட்டலின்றிக் கேட்கிறார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து விழிக்கிறார்கள். 1949 டிசம்பரில் ஓரிரவு மசூதிக்குள் விக்கிரகங்கள் வைக்கப்பட்டதில் தமக்குப் பங்குண்டென்று ஒரு மகந்த் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். அயோத்தியைச் சுற்றியுள்ள வயல்களில் உழைக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், இந்தக் கோயில் யாருக்காக என்ற கேள்வியைப் பண்டிதர்களை விடத் தெளிவாக எழுப்புகிறார்கள். இவர்கள் எல்லாரையும்விட மனத்தில் நிற்பவர், நீதிமன்றம் நியமித்த தலைமைப் பூசாரியான லால்தாஸ். ராமபக்தியில் ஊறிய அந்தச் சாது, இந்தக் கிளர்ச்சிக்கும் பக்திக்கும் சம்பந்தமில்லை, ஓட்டும் பணமுமே இதன் நோக்கம் என்று கோபமில்லாத குரலில் சொல்லிக்கொண்டு போகிறார். 1992இல் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அவர், 1993 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்துக்குச் சிறந்த துப்பறியும் ஆவணப் படம் என்ற தேசிய விருது வந்தது. தூர்தர்ஷன் கதவை அடைத்தது. 1997இல் நீதிமன்ற உத்தரவின் பேரிலேயே நாடு அதைத் தொலைக்காட்சியில் கண்டது. மசூதி இடியும் முன் பார்த்திருக்க வேண்டிய படத்தை, இடிந்து நாலைந்து வருஷம் சென்றபின் பார்க்க நேர்ந்ததனால் விளைந்த நஷ்டத்தை எந்தத் தீர்ப்பும் ஈடு செய்ய முடியாது. எச்சரிக்கையாக எடுக்கப்பட்டது, வீடு வந்து சேரும்போது சரித்திரக் குறிப்பாகிவிட்டது.

இதைவிட நீண்டது ‘பிதா, புத்திரன், தர்மயுத்தம்’ என்று தமிழில் சொல்லத்தக்க 1995ஆம் ஆண்டுப் படத்தின் வழக்கு. மத வெறிக்கும் ஆண்மை பற்றிய மயக்கங்களுக்கும் உள்ள உறவை ஆராயும் அது இரண்டு பாகங்கள் கொண்டது. முதற் பாகம் தேவராலாவில் 1987இல் ரூப் கன்வர் உடன்கட்டை ஏறிய சம்பவத்திலிருந்து பெண்களின் நிலையைப் பேசுகிறது. இரண்டாவது, தெருவோரத்தில் ஆண்மை மருந்து விற்பவனிலிருந்து பம்பாய்க் கலவரத்தின் வீராவேசம்வரை ஒரே நூலில் கோக்கிறது. தணிக்கைக் குழு முதற் பாகத்துக்கு ‘யு’ சான்றிதழும் இரண்டாம் பாகத்துக்கு ‘ஏ’ சான்றிதழும் தந்தது. 1996இல் இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தன. தூர்தர்ஷன் குழுவுக்கு மேல் குழு வைத்துப் பார்த்து, இது இளம் உள்ளங்களைக் கெடுக்கும், சச்சரவு விளைவிக்கும் என்றெல்லாம் காரணங்களை அடுக்கிற்று. உயர்நீதிமன்றம் படைப்பாளிக்குச் சாதகமாகச் சொன்னது. தூர்தர்ஷன் மேல்முறையீடு செய்தது. கடைசியில் 2006 ஆகஸ்டு 25 அன்று உச்சநீதிமன்றத்தில், நம் தேவகோட்டையில் பிறந்தவரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணனும் நீதிபதி லோகேஷ்வர் சிங் பந்தாவும் அடங்கிய அமர்வு, ஒரு படத்தை அதிலுள்ள துண்டுக் காட்சிகளைக் கொண்டு எடைபோடலாகாது, முழுமையாகவே பார்க்க வேண்டும் என்ற கொள்கையின்படி, படத்தை ஒளிபரப்பியே தீர வேண்டுமென்று உத்தரவிட்டது. எடுத்த படம் வீட்டுத் திரைக்கு வரப் பதினோரு வருஷம்! அதற்குள் ஒரு தலைமுறைப் பையன்கள் மீசை முளைத்து, கல்லூரி முடித்து, படத்தில் வரும் அதே வீராவேசத்தை வேறு கொடிகளின் கீழ் பழகிக்கொண்டு விட்டிருந்தார்கள்.

இந்த வழக்குகள் ஆகாயத்திலிருந்து குதித்தவையல்ல. நான்கு பெருநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் காட்டிய தம் குறும்படத்துக்காக கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில், முன் தணிக்கை அரசியல் சட்டத்துக்கு விரோதமன்று என்று 1970இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால், தணிக்கைக்குக் கால வரம்பும், அரசாங்கத்துக்கு வெளியே ஒரு மேல்முறையீட்டு மன்றமும் வேண்டும் என்ற எண்ணமும் அந்த வழக்கில்தான் வேரூன்றியது. போபால் விஷவாயுவைப் பற்றித் தபன் போஸ் எடுத்து ஸ்வர்ண கமலம் பெற்ற படத்தைத் தூர்தர்ஷன் மறுத்தது தவறு என்று 1992இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் தமிழ்ப் படமான ‘ஒரே ஒரு கிராமத்திலே’யும் இந்த வரிசையைச் சேர்ந்ததுதான். இட ஒதுக்கீட்டை விமர்சிக்கும் அந்தக் கதைப் படத்தின் கருத்தை ஏற்காதவர்களும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடகு வைக்க முடியாது என்று 1989இல் அதன்மேல் எழுந்த தீர்ப்பை ஏற்றுப் போற்றுகிறார்கள். இன்றும் சினிமா வழக்குகளில் எந்தக் கட்சி வக்கீலும் அதைப் புரட்டாமல் வருவதில்லை. பட்வர்த்தனின் கொள்கைக்கு நேர் எதிரான ஒரு படம், அவரைப் போன்றவர்களுக்கே கேடயமாக அமைந்தது சட்டத்தின் விசித்திர லீலைகளில் ஒன்று.

தொண்ணூறுகளில் அவர் எடுத்த மற்றப் படங்களை விரைவாகக் கடந்து போகலாம். சிமந்தினி துருவுடன் சேர்ந்து சர்தார் சரோவர் அணையை எதிர்த்த மக்களோடு தங்கி எடுத்த ‘நர்மதா டைரி’, மூடப்பட்ட பம்பாய் ஆலைகளின் தொழிலாளரைப் பற்றிய சிறு படம், பெரும் மீன்பிடிக் கப்பல்களால் அழியும் கடலோர வாழ்வைப் பற்றிய 1998ஆம் ஆண்டுப் படம் ஆகியவை அவசியத்தினால் பிறந்தவை. போராட்டக்காரர்களுக்கு அவை பயன்பட்ட அளவுக்குச் சினிமா ரசிகனுக்கு விருந்தாகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பொக்ரானில் 1998இல் அணுகுண்டு வெடித்துத் தெருவெல்லாம் இனிப்பு வழங்கப்பட்ட நாள்களில் தொடங்கி, இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், அமெரிக்கா என நான்கு தேசங்களில் எடுத்து 2002இல் முடித்த ‘ஜங் அவுர் அமன்’ தணிக்கையாளரின் கத்தியை மிகக் கூர்மையாகச் சந்தித்தது. 21 வெட்டுக்கள் கேட்டார்கள். அவற்றுள் பிரதம மந்திரி உள்ளிட்ட அரசியல்வாதிகளின் பேச்சுக்களை அறவே நீக்க வேண்டும் என்பதும் ஒன்று. பொதுமேடையில் ஆயிரக்கணக்கானோர் கேட்க ஒரு பிரதம மந்திரி பேசிய பேச்சு, படத்தில் ஏறியதும் அபாயகரமாகிவிடுமென்றால், அந்த அபாயம் பேச்சில் இருந்ததா படத்தில் இருந்ததா என்பதைத் தணிக்கையாளர்கள் விளக்கவில்லை. 2003இல் பம்பாய் உயர்நீதிமன்றம் வெட்டு எதுவுமின்றிப் படத்தை வெளியிட அனுமதித்தது. தேசிய விருதும் பின்தொடர்ந்தது. இதன் எதிரொலியாகவோ என்னவோ, பம்பாய் சர்வதேச விழாவின் 2004ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று விதித்தார்கள். நாடெங்கும் உள்ள ஆவணப் படக்காரர்கள் ஒன்றுகூடி எதிர்க்கவே விதி வாபஸாயிற்று. ஆனால் சர்ச்சைக்குரிய பல படங்கள் தேர்விலேயே கழிக்கப்பட்டன. கழிக்கப்பட்டவர்கள் ‘விகல்ப்’ என்ற பெயரில் அதே நகரில், அதே நாள்களில் தங்கள் விழாவை நடத்தினார்கள். ஒற்றையாளாக நீதிமன்றம் ஏறிக்கொண்டிருந்தவருக்குச் சக கலைஞர்களின் கூட்டம் சேர்ந்தது அப்போதுதான்.

அவருடைய சிகரம் எது என்று கேட்டால், தயக்கமின்றி ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்பேன். 1997 ஜூலை 11 அன்று பம்பாய் காட்கோபரில் ரமாபாய் நகர் என்னும் தலித் குடியிருப்பில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருப்பதைக் கண்டு திரண்ட மக்கள்மீது ரிசர்வ் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் மாண்டனர். சில நாள்களில், அந்தத் துயரம் தாளாமல், விலாஸ் கோக்ரே என்ற பாடகர் தூக்கிட்டுக்கொண்டார். இடதுசாரிக் கட்சிப் பாடகராக வாழ்ந்த அவர் இறக்கும்போது தலையில் கட்டியிருந்தது அம்பேத்கரியரின் நீலத் துணி. ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடியவர் இவரே. ஆகையால், பட்வர்த்தனுக்கு இது செய்தித்தாளில் வந்த மரணம் அல்ல. ஒரு நண்பன் ஏன் செத்தான், அவன் கையில் இருந்த செங்கொடி ஏன் நீலமாயிற்று என்ற கேள்விக்கு விடை தேடி அவர் அலைந்தது பதினான்கு வருஷம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில், டாங்கர் லாரியைக் கொளுத்த வந்தார்கள் என்ற போலீஸ் வாதம் காட்சி காட்சியாகச் சோதிக்கப்படுகிறது. வழக்கு இழுபடும் காலத்திலேயே சாட்சிகள் நரைக்கிறார்கள். இடையிடையே மராட்டிய தலித் பாடகர்கள் டோலக்கும் டஃப்பும் கொட்டிப் பாடுகிறார்கள். முன்படங்களில் அடிக்கடி முந்திக்கொண்டு விளக்கம் சொன்ன அவருடைய குரல் இதில் பெரும்பாலும் அடங்கிக் கேட்கிறது. புணேயின் கபீர் கலா மஞ்ச் என்ற இளைஞர் குழுவும், அதில் ஷீத்தல் சாதே என்னும் இளம்பெண்ணின் அபூர்வமான குரலும் படத்தின் பிற்பாதியில் நுழைகின்றன. படம் முடிவதற்குள் அவர்களும் நக்சல்கள் என்று குற்றம் சாட்டப்பட்டுத் தலைமறைவாகிவிடுகிறார்கள். 2012இல் இதற்கும் தேசிய விருது கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பாட்டுக்கு அரசாங்கமே பதக்கம் தந்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

அவர் மீது சொல்லப்படும் குறைகளையும் ஒதுக்காமல் பார்ப்பது கடமை. அவர் பட்சபாதமுள்ளவர், எதிராளிகளில் அசடுகளையே பொறுக்கி எடுத்துப் பேசவிட்டுச் சிரிக்க வைக்கிறார், நீளத்தில் அடக்கமில்லாதவர் என்பன அவற்றில் முக்கியமானவை. கடைசிக் குற்றச்சாட்டை நான் ஓரளவு ஏற்கிறேன். 2018இல் வந்த ‘விவேக்’ படத்தில் பாதி வேறு படமாகப் பிரிந்திருந்தால் இரண்டுக்கும் நல்லது. இரண்டாவது, ‘ராம் கே நாம்’ இளைஞர்கள் விஷயத்தில் சிறிது உண்மையே. தெருவில் திடீரென்று கேட்டால் தடுமாறாதவர் யார்? முதற் குற்றச்சாட்டுத்தான் சாரமற்றது. பட்சபாதம் என்பதை அவர் ஒருகாலும் மறைத்ததில்லை. ஃபிலிம்ஸ் டிவிஷனின் கம்பீரக் குரல் அரசாங்கப் பட்சத்தை உலக உண்மைபோல் ஒலித்தபோது, அதை யாரும் பட்சபாதம் என்று அழைக்கவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அன்றியும் அவருடைய படங்களில் எதிராளிகள் தங்கள் வாயாலேயே, தங்கள் மேடையிலேயே பேசுகிறார்கள். நீதிபதிகள் அவற்றை மீண்டும் மீண்டும் தப்பவிட்டதற்கு அதுவே காரணம்.

தபோல்கர், பன்சாரே, கல்புர்கி, கௌரி லங்கேஷ் ஆகியோரின் கொலைகளை ஆதாரமாகக் கொண்ட ‘விவேக்’, ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் இட்ஃபா விழாவில் 2018இன் சிறந்த முழுநீள ஆவணப் படமாகத் தேர்வுபெற்றது. உலகத்தின் பெரிய ஆவணப் பட விழா முடி சூட்டிய அந்தப் படத்தை 2019 ஜூனில் கேரள விழாவில் காட்ட மத்திய அமைச்சகம் தணிக்கை விலக்கு அளிக்க மறுத்தது. கேரள உயர்நீதிமன்றம் அனுமதி கொடுத்த பிறகே அது திரையேறியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2015இல், புணே திரைப்படக் கல்லூரி மாணவர் போராட்டத்துக்கு ஆதரவாகவும் நாட்டில் பெருகிய சகிப்பின்மைக்கு எதிர்ப்பாகவும், வேறு பல கலைஞர்களோடு சேர்ந்து, அவர் தம் தேசிய விருதைத் திருப்பிக் கொடுத்திருந்தார். முப்பது வருஷம் தஸ்தாவேஜாக உபயோகப்பட்டது, அன்று முதல் அதற்கும் உதவாமற்போயிற்று என்று அவர் கருதினாரோ என்னவோ.

2023இல் டொரண்டோ விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்ட ‘வசுதைவ குடும்பகம்’ அவருடைய மற்றப் படங்களைப் போன்றதன்று. வயது முதிர்ந்த தம் தாய் தந்தையரை வீட்டுக்குள்ளேயே பல வருஷம் விளையாட்டாகப் படம் பிடித்து வைத்திருந்ததைக் கோத்து, அவர்களுடைய குறும்புப் பேச்சின் வழியாகவே சுதந்திரப் போராட்டக் காலத்தை விவரிக்கிறார். வழக்கறிஞர்களுக்கு வேலை வைக்காத படம் ஒன்றாவது எடுக்கக் கூடியவர்தாம் இவர் என்று நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் வழக்கின் விஷயம் முடியவில்லை, இன்னும் கடினமாகிவிட்டது. அப்பாஸ் வழக்கில் வேரூன்றிய எண்ணம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்ற உருவில் 1983இல் நடைமுறைக்கு வந்து, உயர்நீதிமன்றச் செலவைத் தாங்க முடியாத சிறு படக்காரர்களுக்கு ஒரு நடுவழிச் சத்திரமாக இருந்துவந்தது. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் அது கலைக்கப்பட்டது. இனித் தணிக்கை வாரியத்தின் மறு ஆய்வுக் குழு இருபது வெட்டுக் கேட்டாலும் இரண்டு வெட்டுக் கேட்டாலும், இரவல் காமிராவோடு புறப்படும் இன்றைய இளைஞன் முதற்படியிலேயே உயர்நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். வக்கீல் ஃபீஸை அவன் படத்தின் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவான் என்பது அவனுக்கே வெளிச்சம்.